ஐரோப்பிய ஒன்றியம்: போட்டித்திறனும் வாக்களிப்பு விதிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டித்திறன் பற்றிய மாரியோ டிராகியின் அறிக்கை வெளியானதிலிருந்து "ஐரோப்பா பின்தங்குகிறதா?" என்ற கேள்வி ஓயவே இல்லை. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடா, பல நாடுகளின் கூட்டா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 27 நாடுகள், சுமார் 45 கோடி மக்கள். சுங்கவரி, வெளிநாடுகளுடனான வணிக ஒப்பந்தம், நிறுவனங்களுக்கான போட்டிச் சட்டம் ஆகியவற்றில் ஒன்றியம் ஒரே நாடு போலச் செயல்படுகிறது. 2026 ஜனவரியில் பல்கேரியா சேர்ந்த பிறகு 21 நாடுகளுக்கு யூரோ பொது நாணயம். அவற்றுக்கான வட்டி விகிதத்தை ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி தீர்மானிக்கிறது. ஆனால் வருமான வரி, ஓய்வூதியம், ராணுவம், கல்வி எல்லாம் அந்தந்த நாட்டின் கையில்.

பணக்கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒன்றியத்தின் பட்ஜெட், உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அந்த நாடுகளின் அரசுகள் செலவழிப்பதோ அவற்றின் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட பாதி. ஒன்றியத்தின் தலைமையிடத்தைச் சுட்டி "பிரஸ்ஸல்ஸ் ஏன் இதைச் செய்யவில்லை?" என்று கேட்கும்போது, பிரஸ்ஸல்ஸின் கையில் இருப்பது எவ்வளவு சிறிய பை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆணையம், மன்றம், நாடாளுமன்றம் என்று குழப்புகிறார்களே. யார்தான் முடிவெடுக்கிறார்கள்?

சட்டத்தை முன்மொழிவது ஐரோப்பிய ஆணையம். நாட்டுக்கு ஒருவராக 27 ஆணையர்கள். இப்போது தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லயன். அந்த வரைவை இரண்டு அவைகள் ஏற்க வேண்டும். ஒன்று, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 720 உறுப்பினர்கள் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றம். மற்றொன்று, நாடுகளின் அமைச்சர்கள் அமரும் அமைச்சர்கள் மன்றம். இவற்றுக்கு மேலே பிரதமர்களும் அதிபர்களும் கூடும் உச்சி மன்றம் இருக்கிறது. அது சட்டம் இயற்றாது. திசையைக் காட்டும், பெரிய பேரங்களை முடித்து வைக்கும்.

46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சில் என்ற மனித உரிமை அமைப்பு முற்றிலும் வேறு. செய்திகளில் இதை அடிக்கடி ஒன்றியத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்.

போட்டித்திறன் என்றால் என்ன? நாடுகளும் கம்பெனிகள் மாதிரி ஒன்றையொன்று வீழ்த்துமா?

வீழ்த்தாது. அமெரிக்கா வளர்வதால் ஐரோப்பாவுக்கு நஷ்டம் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. இந்த விவாதத்தில் போட்டித்திறன் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் உற்பத்தித்திறன்தான்: ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு மதிப்பு உருவாகிறது என்பது. சம்பளம், ஓய்வூதியம், மருத்துவமனை எல்லாம் கடைசியில் அதிலிருந்துதான் வர வேண்டும்.

டிராகி அறிக்கை தரும் கணக்குப்படி, போர் முடிந்த 1945-ல் ஐரோப்பாவின் உற்பத்தித்திறன் அமெரிக்காவினுடையதில் 22 சதவீதம். 1995-ல் அது 95 சதவீதத்தை எட்டியது. இப்போது 80-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் எட்டிப் பிடித்துக்கொண்டே வந்தவர்கள், கணினியும் இணையமும் பரவிய காலத்தில் பின்வாங்கியிருக்கிறார்கள்.

அங்கே போனால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது! உண்மையிலேயே பின்தங்கிவிட்டார்களா?

வாழ்க்கைத் தரத்தில் ஐரோப்பா பல வகையில் மேலானதுதான். ஆயுள் கூடுதல், வேலை நேரம் குறைவு, ஏற்றத்தாழ்வு குறைவு. அமெரிக்காவுடனான மொத்த உற்பத்தி இடைவெளி 2002-ல் சுமார் 15 சதவீதமாக இருந்து 2023-ல் 30 சதவீதமாக விரிந்தது என்று சொல்வார்கள். வாங்கும் சக்தியைக் கணக்கில் கொண்டால் அதே இடைவெளி 12 சதவீதம்தான். எந்தக் கணக்கை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே பயப்பட வேண்டும்.

ஆனாலும் கவலைக்குக் காரணம் இருக்கிறது. தொழில்நுட்பத் துறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவின் உற்பத்தித்திறன் வளர்ச்சி அமெரிக்காவுக்கு ஏறக்குறைய சமம். அப்படியென்றால் சறுக்கல் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே இடத்தில் நடந்திருக்கிறது. உலகின் முதல் 50 தொழில்நுட்ப நிறுவனங்களில் ஐரோப்பாவுடையவை 4 மட்டுமே. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அங்கே புதிதாகத் தொடங்கி 10,000 கோடி யூரோ சந்தை மதிப்பைத் தாண்டிய நிறுவனம் ஒன்றுகூட இல்லை என்கிறது அறிக்கை.

இன்னொரு அடி எரிசக்தியிலிருந்து வந்தது. 2021-ல் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 சதவீதம் ரஷ்யாவுடையது. உக்ரைன் போருக்குப் பின் அந்த மலிவு எரிவாயு போனது. அறிக்கை எழுதப்பட்ட நேரத்தில் அங்குள்ள தொழிற்சாலைகள் அமெரிக்காவைவிட மின்சாரத்துக்கு 2 முதல் 3 மடங்கும், எரிவாயுவுக்கு 4 முதல் 5 மடங்கும் கொடுத்துக்கொண்டிருந்தன.

டிராகி அறிக்கை, டிராகி அறிக்கை என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

டிராகி ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர், இத்தாலியின் முன்னாள் பிரதமர். ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதிய அறிக்கை, ஏறக்குறைய 400 பக்கம். மூன்று விஷயங்களைச் சொல்கிறது: புதுக் கண்டுபிடிப்பில் இடைவெளியைக் குறைப்பது, காலநிலை இலக்கையும் தொழில் வளர்ச்சியையும் ஒரே திட்டமாக நடத்துவது, பாதுகாப்பிலும் மூலப்பொருளிலும் பிறரைச் சார்ந்திருப்பதைக் குறைப்பது. இதற்கெல்லாம் ஆண்டுக்குக் கூடுதலாக 75,000 முதல் 80,000 கோடி யூரோ முதலீடு வேண்டும் என்பது அவர் கணக்கு. அது ஒன்றியப் பொருளாதாரத்தில் 4.4 முதல் 4.7 சதவீதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த மார்ஷல் திட்டமே 1 முதல் 2 சதவீதம்தான்.

எல்லோரும் இந்த முதலீட்டுத் தொகையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அறிக்கையின் கடைசிப் பகுதியை, அதாவது முடிவெடுக்கும் முறையைப் பற்றியதை, பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் பார்வையில் அதுதான் முக்கியமான பகுதி. ஒரு சட்ட வரைவு முன்மொழியப்பட்டு ஏற்கப்பட சராசரியாக 19 மாதம் ஆகிறது என்றும், அதன் பிறகு உறுப்பு நாடுகள் அதை அமல்படுத்த வேண்டியிருக்கிறது என்றும் அங்கே எழுதியிருக்கிறார்.

இதையேதான் 2000-லும் சொன்னார்களே, என்ன ஆயிற்று?

சொன்னார்கள். 2000 மார்ச்சில் லிஸ்பன் நகரில் கூடிய தலைவர்கள், 2010-க்குள் உலகிலேயே மிகுந்த போட்டித்திறன் கொண்ட அறிவுசார் பொருளாதாரமாக ஒன்றியத்தை ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். ஆராய்ச்சிக்குப் பொருளாதாரத்தில் 3 சதவீதம் என்ற இலக்கும் பின்னர் சேர்ந்தது. இன்றும் அது 2.2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் விம் கோக் தலைமையிலான குழு 2004-லேயே, நாடுகளின் அரசியல் உறுதி போதவில்லை என்று வெளிப்படையாக எழுதியது.

அந்தத் திட்டம் தோற்றதற்கு இலக்குகள் காரணமில்லை. ஒவ்வொரு நாடும் தானாக முன்வந்து செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மற்றவர்கள் சுட்டிக்காட்டுவார்கள் என்பது மட்டுமே அதன் செயல்முறை. சட்டமும் இல்லை, பணமும் இல்லை. பட்டியல் போடுவதில் ஐரோப்பாவுக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

ஒற்றைச் சந்தை 1993-லேயே வந்துவிட்டதே, இன்னும் என்ன தடை இருக்கிறது?

எல்லையில் சுங்கச் சோதனை போய்விட்டது, விதிகள் போகவில்லை. பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) மதிப்பீட்டின்படி, உறுப்பு நாடுகளுக்குள்ளேயே எஞ்சியிருக்கும் தடைகள் சரக்குகளுக்கு 44 சதவீத வரிக்கும், சேவைகளுக்கு 110 சதவீத வரிக்கும் சமம். மதிப்பீட்டு முறையில் கருத்து வேறுபாடு உண்டு. திசையில் வேறுபாடு இல்லை.

ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே உள்ள பிரென்னர் கணவாயைப் பாருங்கள். ஐரோப்பாவின் முக்கியமான சரக்குப் பாதைகளில் ஒன்று. ஆஸ்திரியப் பக்கத்தில் ரயில் கம்பியில் ஓடுவது 15,000 வோல்ட் மாறுமின்னோட்டம். இத்தாலியப் பக்கத்தில் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம். சமிக்ஞை முறை வேறு, ஓட்டுநருக்கு வேண்டிய மொழித் தகுதி வேறு. கடவுச்சீட்டைக் காட்டாமல் மனிதர் கடந்துவிடுகிற எல்லையில் சரக்கு ரயில் நின்று போகிறது.

தொலைத்தொடர்பில் அமெரிக்காவில் 3 பெரிய குழுமங்கள், சீனாவில் 4, ஐரோப்பாவில் 34. ராணுவத்தில் அமெரிக்காவிடம் ஒரே வகை டாங்கி. ஐரோப்பாவில் 12 வகை. ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் எஸ்தோனியாவில் தொடங்கி ஸ்பெயினிலும் போலந்திலும் ஆள் சேர்க்க நினைத்தால், மூன்று நிறுவனச் சட்டம், மூன்று வரி முறை, மூன்று திவால் சட்டம். 2008 முதல் 2021 வரை ஐரோப்பாவில் பிறந்து 100 கோடி டாலர் மதிப்பை எட்டிய இளம் நிறுவனங்கள் 147. அவற்றில் 40 தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டன, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு.

பொருளாதாரம் வேறு, அரசியல் வேறு இல்லையா? வாக்களிப்பு முறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொகுப்பையே தொடங்கினேன். வரலாற்றில் ஒரு முறை இதற்கான சோதனை நடந்துவிட்டது.

ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பைத் தொடங்கிய 1957 ரோம் உடன்படிக்கையிலேயே பெரும்பான்மை வாக்கு இருந்தது. 1966-லிருந்து அது பல துறைகளுக்கு விரிவடைய வேண்டியிருந்தது. பிரெஞ்சு அதிபர் டி கோல் ஏற்கவில்லை. 1965 நடுவிலிருந்து அரை ஆண்டுக்கும் மேலாகப் பிரான்ஸ் கூட்டங்களுக்கே வரவில்லை. 1966 ஜனவரியில் லக்ஸம்பர்க்கில் ஒரு சமரசம்: ஒரு நாடு தன் முக்கிய நலன் பாதிக்கப்படுகிறது என்றால் ஒத்த கருத்து வரும்வரை பேசுவது. அதன்பின் இருபது ஆண்டுகள் பொதுச் சந்தை என்ற பெயர் இருந்தது, சந்தை முழுமையாகவில்லை. தரநிர்ணயம் ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் தலையசைக்கக் காத்திருந்தார்கள்.

1985-ல் ஆணையத் தலைவரான ஜாக் டெலோர், பிரிட்டனைச் சேர்ந்த ஆணையர் காக்ஃபீல்டைக் கொண்டு சுமார் 300 நடவடிக்கைகள் அடங்கிய பட்டியலைத் தயாரித்தார். பட்டியலோடு நின்றிருந்தால் அதுவும் லிஸ்பன் கதையாகியிருக்கும். கூடவே 1987-ல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டம், சந்தை தொடர்பான பெரும்பாலான முடிவுகளுக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும் என்று விதியை மாற்றியது. 1992 முடிவதற்குள் பட்டியலின் பெரும்பகுதி சட்டமாகிவிட்டது. அதே நாடுகள், அதே நலன்கள். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லோரும் பேரம் பேச உட்கார்ந்தார்கள். அந்த மாற்றத்தில் விலக்கு அளிக்கப்பட்ட மூன்று: வரி, மக்கள் நடமாட்டம், தொழிலாளர் உரிமை. இன்றும் சிக்கல் பெரிதாக இருக்கும் இடங்களில் முதலாவது வரிதான்.

தகுதிப் பெரும்பான்மையில் எத்தனை பேர் கையைத் தூக்க வேண்டும்?

நாடுகளில் 55 சதவீதம், அதாவது 27-ல் 15. அந்த நாடுகளின் மக்கள்தொகை ஒன்றியத்தின் மொத்தத்தில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். தடுப்பதற்குக் குறைந்தது 4 நாடுகள் சேர வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றிலும் சேர்த்து மக்கள்தொகையில் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும், நான்காவது நாடு ஒன்று இல்லாமல் அவை எதையும் தடுக்க முடியாது.

அப்போது 27 பேரும் சரி சொல்ல வேண்டியது எதற்கெல்லாம்?

வரி, வெளியுறவு மற்றும் பாதுகாப்புக் கொள்கை, ஏழாண்டு பட்ஜெட், புதிய உறுப்பினரைச் சேர்ப்பது, உடன்படிக்கையைத் திருத்துவது. எண்ணிக்கையில் கொஞ்சம்தான், கனத்தில் பெரியவை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு 2023 டிசம்பர் 14. உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சைத் தொடங்கும் முடிவு மேசையில் இருந்தது. ஹங்கேரி பிரதமர் விக்டர் ஓர்பான் எதிர்ப்பு. ஜெர்மனி சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸின் யோசனைப்படி ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார். அவர் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் மற்ற 26 பேரும் முடிவை ஏற்றார்கள். அதே இரவில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தார். அது அடுத்த பிப்ரவரி 1 அன்றுதான் தீர்ந்தது. ஒரு கண்டத்தின் முடிவு ஒருவர் அறைக்குள் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதில் தொங்குவது ஆரோக்கியமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியுறவு சரி. ஒருமித்த முடிவு விதியால் தொழில் பாதிக்கப்பட்டதற்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

காப்புரிமை. ஒரே விண்ணப்பம், எல்லா நாட்டிலும் செல்லும் ஒரே காப்புரிமை என்ற உடன்பாடு 1975-லேயே லக்ஸம்பர்க்கில் கையெழுத்தானது. நடைமுறைக்கு வரவே இல்லை. எந்தெந்த மொழியில் மொழிபெயர்க்க வேண்டும், எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்ற இரண்டு கேள்விகளில் ஆண்டுகள் ஓடின. ம்யூனிக்கில் உள்ள காப்புரிமை அலுவலகம் காப்புரிமை வழங்கும்; ஆனால் கண்டுபிடித்தவர் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே பதிவு செய்து, பல இடங்களில் மொழிபெயர்ப்பும் கொடுத்து, ஆண்டுக் கட்டணமும் தனித்தனியே கட்ட வேண்டும். பெரிய மருந்து நிறுவனம் தாங்கும். பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மூன்று பேர் கொண்ட நிறுவனம் தாங்காது. அது நான்கைந்து நாடுகளோடு நிறுத்திக்கொள்ளும்.

மொழி ஏற்பாட்டுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும் என்பதை ஸ்பெயினும் இத்தாலியும் ஏற்கவில்லை. கடைசியில் 2011-ல் 25 நாடுகள் தனியாக முன்னே போக முடிவு செய்தன. அந்த இரண்டு நாடுகளும் ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றன. பின்னர் இத்தாலி சேர்ந்துகொண்டது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வழக்கு, பிரிட்டன் விலகல் என எல்லாம் தாண்டி 2023 ஜூன் 1 அன்று 17 நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. 48 ஆண்டுகள்.

ஐரோப்பிய நிறுவனம் என்ற பொது நிறுவன வடிவமும் இப்படித்தான். ஆணையம் முன்மொழிந்தது 1970-ல், ஏற்கப்பட்டது 2001-ல். நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்ற ஜெர்மன் முறையை என்ன செய்வது என்பதே முட்டுக்கட்டை. வெளிவந்த வடிவத்துக்குக் குறைந்தபட்ச மூலதனம் 1,20,000 யூரோ. ஏர்பஸ், அலியான்ஸ் போன்றவர்களுக்குப் பயன்படுகிறது, புதிதாகத் தொடங்குபவருக்கு எட்டாது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் என்ரிகோ லெட்டா 2024 ஏப்ரல் அறிக்கையில் பரிந்துரைத்த "28-வது சட்டமுறை", அதாவது 27 நாட்டுச் சட்டங்களோடு கூடுதலாக நிறுவனங்கள் விரும்பித் தேர்ந்துகொள்ளும் ஒரே ஐரோப்பியச் சட்டம், இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

அப்படியானால் வீட்டோவை எடுத்துவிட வேண்டியதுதானே?

வீட்டோவை, அதாவது ஒரே நாடு முடிவைத் தடுக்கும் உரிமையை, எடுக்கவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். உடன்படிக்கைத் திருத்தப் பேச்சைத் தொடங்கத் தலைவர்களின் எளிய பெரும்பான்மை போதும். 1985-ல் மிலானில் பிரிட்டன், டென்மார்க், கிரீஸ் எதிர்த்தும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் முடிவை ஒவ்வொரு நாடும் அங்கீகரிக்க வேண்டும், சில நாடுகளில் பொது வாக்கெடுப்பு. 2005-ல் ஐரோப்பிய அரசியலமைப்பு வரைவைப் பிரான்ஸும் நெதர்லாந்தும் மூன்றே நாள் இடைவெளியில் நிராகரித்தன. அதற்குப் பதில் வந்த லிஸ்பன் உடன்படிக்கையை அயர்லாந்து 2008-ல் நிராகரித்து, சில உறுதிமொழிகள் பெற்று 2009-ல் ஏற்றது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. திருத்தம் என்றாலே தலைவர்கள் தயங்குகிறார்கள்.

திருத்தம் இல்லாமலும் ஒரு வழி உடன்படிக்கைக்குள்ளேயே இருக்கிறது. "பாலம்" விதி என்பார்கள். தலைவர்கள் ஒருமனதாக முடிவெடுத்தால் ராணுவம் தவிர்த்த ஒரு துறையைப் பெரும்பான்மை வாக்குக்கு மாற்றலாம். எந்த ஒரு நாட்டின் நாடாளுமன்றமும் ஆறு மாதத்துக்குள் ஆட்சேபித்தால் அது நின்றுவிடும். பாலத்தின் இரு முனையிலும் பூட்டு.

சின்ன நாடுகள் பயப்படுவதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. இதை லேசாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அயர்லாந்து பல ஆண்டுகள் 12.5 சதவீத நிறுவன வரியை வைத்துத்தான் முதலீட்டை ஈர்த்தது. அதன் பார்வையில் வரி விகிதம் தன் புவியியல் குறையை ஈடுகட்டும் கருவி. பெரிய நாடுகளின் பார்வையில் அது தங்கள் வரி வருவாயைக் கரைக்கும் கருவி. அரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டை எட்டுக் கோடி மக்கள் கொண்ட நாடு வாக்கால் வீழ்த்தும் என்ற அச்சம் கற்பனையில்லை.

அதனால்தான் "எல்லாவற்றிலும் வீட்டோ வேண்டாம்" என்பதை நான் ஏற்பதில்லை. ஒரு நாட்டின் வரி விகிதத்தைப் பெரும்பான்மை தீர்மானிக்கக் கூடாது. நிறுவனத்தின் வரிக்குரிய லாபத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற பொது முறையை அது தீர்மானிக்கலாம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் பேச்சு நின்று போகிறது.

வீட்டோ போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. பெரும்பான்மை வாக்கு ஏற்கெனவே இருக்கும் துறைகளிலும் தேக்கம் இருக்கிறது. சேவைத் துறைக்கான சட்ட வரைவு 2004-ல் வந்தது: ஒரு நாட்டில் தொழில் செய்ய அனுமதி பெற்றவர், தன் நாட்டு விதிகளின்படியே மற்ற நாடுகளிலும் சேவை செய்யலாம். மலிவான கூலிக்கு வரும் "போலந்து பிளம்பர்" பற்றிய பீதி பிரான்ஸில் எழுந்தது. 2006-ல் சட்டம் நிறைவேறியபோது அந்த மையக் கொள்கையே அதில் இல்லை. 110 சதவீதம் என்று முன்பு சொன்ன எண்ணின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

மூலதனச் சந்தையும் அப்படியே. ஐரோப்பியக் குடும்பங்களின் சேமிப்பில் ஆண்டுக்குச் சுமார் 30,000 கோடி யூரோ வெளியே, முக்கியமாக அமெரிக்காவுக்குப் போகிறது என்று லெட்டா எழுதினார். மூலதனச் சந்தை ஒன்றியம் என்ற திட்டம் 2015-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் பங்குச் சந்தையை, தன் கண்காணிப்பு அமைப்பை, தன் திவால் சட்டத்தை விட மனமில்லாமல் இருக்கிறது. ஐரோப்பிய வங்கி வைப்புக் காப்பீடு அதே 2015-ல் முன்மொழியப்பட்டது. பத்தாண்டு தாண்டியும் கிடப்பில். தலைநகரங்கள் இந்தத் தேக்கத்தைப் பிரஸ்ஸல்ஸின் தலையில் கட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது.

விருப்பம் இருப்பவர்கள் முன்னே போகட்டும், மற்றவர்கள் பிறகு வரட்டும் என்றால்?

காப்புரிமையில் நடந்தது அதுதான். குறைந்தது 9 நாடுகள் சேர்ந்தால் சட்டப்படியே இப்படிப் போகலாம். யூரோவும், எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியும் எல்லோரும் சேர்ந்து தொடங்கியவை அல்ல. இன்றைய நிலையில் நடைமுறைக்கு உகந்த பாதை இதுவே என்று நினைக்கிறேன். டிராகியும் இதை ஒரு வழியாகச் சொல்கிறார்.

விலை உண்டு. வெவ்வேறு குழுவுக்கு வெவ்வேறு விதி என்றால், ஒற்றைச் சந்தை துண்டாகிறது என்ற பழைய நோய்க்கே அது புதிய காரணமாகிவிடலாம். கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். உள்ளே வருபவருக்கு நிபந்தனை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

80,000 கோடிக்குப் பணம் எங்கே? சேர்ந்து கடன் வாங்கினால் என்ன?

ஒரு முறை வாங்கினார்கள். 2020 ஜூலையில் நான்கு நாள் தாண்டி நீண்ட உச்சி மாநாட்டில் 75,000 கோடி யூரோ கொரோனா மீட்பு நிதிக்கு ஒப்புக்கொண்டார்கள்: 39,000 கோடி மானியம், 36,000 கோடி கடன். ஆஸ்திரியா, டென்மார்க், நெதர்லாந்து, சுவீடன் கடுமையாக எதிர்த்து, மானியப் பங்கைக் குறைத்த பிறகே வழிக்கு வந்தன. திருப்பிச் செலுத்துவது 2058 வரை ஓடும்.

அது ஒரு முறைதான் என்பது ஜெர்மனியின் நிலை. டிராகி அறிக்கை வெளியான அன்றே அப்போதைய ஜெர்மன் நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னர், கூட்டுக் கடன் எந்தக் கட்டமைப்புச் சிக்கலையும் தீர்க்காது என்று மறுத்தார். அவர் சொன்னதில் பாதி சரி: சந்தை 27 துண்டாக இருக்கும்போது கொட்டும் பணம் 27 துண்டாகத்தான் போகும். ஆனால் நாடு கடந்த மின்கம்பி வலையமைப்பு, பொதுப் பாதுகாப்புக் கொள்முதல் போன்றவற்றைத் தனி நாடு எதுவும் தன் பணத்தில் கட்டாது. அவற்றுக்குப் பொதுப்பணம் வேண்டும்.

விதிகளைக் குறைத்தாலே போதாதா? எல்லாம் அதிகாரிகளின் கெடுபிடிதானே?

ஓரளவுக்கு. ஆணையம் 2025 தொடக்கத்தில் போட்டித்திறன் வழிகாட்டித் திட்டத்தையும், நிறுவனங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைச் சுமையைக் குறைக்கும் தொகுப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சிறு நிறுவனங்களுக்கு அது நிம்மதிதான்.

ஆனால் ஒரு ஐரோப்பிய விதி 27 தேசிய விதிகளுக்குப் பதிலாக வந்தால் அது சுமைக் குறைப்பு. ஒன்றியம் ஒரு விதியைப் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பதுதான் சுமை. விதிகளை எண்ணிப் பார்த்து வெட்டுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், மக்களின் உடல்நலத்தையும் காற்றையும் காக்கும் விதிகளில் கை வைக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்.

உக்ரைன் எல்லாம் சேர்ந்தால் இது இன்னும் மோசமாகாதா?

இன்றைய விதிகளோடு சேர்ந்தால் ஆகும். உக்ரைன், மால்டோவா இரண்டுடனும் 2024 ஜூனில் பேச்சு முறைப்படி தொடங்கியது. மேற்கு பால்கன் நாடுகளும் வரிசையில் இருக்கின்றன. உறுப்பினர் 30-ஐத் தாண்டினால் வீட்டோ வைத்திருப்பவரும் 30-ஐத் தாண்டுவார்கள். பட்ஜெட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. உக்ரைனின் விளைநிலப் பரப்பை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கையே மாற்றி எழுத வேண்டும்.

பிரான்ஸும் ஜெர்மனியும் அமைத்த 12 வல்லுநர்கள் குழு 2023 செப்டம்பரில், விரிவாக்கத்துக்கு முன்பே பெரும்பான்மை வாக்கைப் பரவலாக்க வேண்டும் என்றது. புதியவர்கள் உள்ளே வந்துவிட்டால் அவர்களுடைய சம்மதமும் தேவைப்படும். சீர்திருத்தத்துக்குக் காலக்கெடு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இத்தனை பேசுகிறீர்களே, அடுத்து எதைப் பார்த்தால் மாறுகிறார்களா இல்லையா என்று தெரியும்?

2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட்டைப் பாருங்கள். 2025 ஜூலையில் ஆணையம் முன்வைத்த தொகை ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோ. அதில் போட்டித்திறன் நிதி என்று ஒரு புதிய தலைப்பு இருக்கிறது. இதற்கு 27 நாடுகளின் ஒருமித்த சம்மதமும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். கடைசி இரவுப் பேரத்தில் விவசாய மானியத்துக்கும் பிராந்திய நிதிக்கும் வாதாடத் தலைநகரங்கள் இருக்கும். ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு தலைநகரம் இல்லை. 2020 ஜூலை மாநாட்டில் வெட்டு விழுந்தவற்றில் ஒன்று ஆராய்ச்சித் திட்டம். பிறகு நாடாளுமன்றம் போராடி 400 கோடி யூரோவைத் திரும்பச் சேர்த்தது. இம்முறை போட்டித்திறன் நிதியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை, முதல் முன்மொழிவையும் இறுதி முடிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.